காசநோய் வந்ததுண்டா என்று கேட்டேன்

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை, முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஆனாலும் காசநோய்ப் பிரிவில் ஆறு வருடம் வீடு வீடாக அலைந்தவனை எங்கள் அலுவலகத்தில் 'பழைய ஆள்' என்றுதான் சொல்கிறார்கள். என் மேசைக்கு வரப்போகும் நீங்கள் இருவரும் தமிழ் தெரிந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். கையேடு தடிமனாக ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்தின் அளவு, படிவத்தின் நிறம், யாருக்கு எப்போது ஃபோன் செய்ய வேண்டும், எல்லாம் அதில் உண்டு. அதில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அது நான் செய்த தவறு. அதனால் கையேட்டில் அது வர வாய்ப்பில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம். அதைச் சரிசெய்ய நம் ஊரிலிருந்து இங்கே அமெரிக்காவுக்கு ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பிளெய்ன்ஸ்பரோவின் அபார்ட்மெண்ட்களில் வாரத்துக்கொரு புதுப் பெட்டி, புதுக் குக்கர். அப்படி வந்தவர்களில் ஒருவர் பிரபு. கோயம்புத்தூர்க்காரர். மனைவி சுமதி ஐந்து மாதக் கர்ப்பம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன், நீங்களும் எங்கே எழுதினாலும் மாற்றுங்கள்.) மூன்று மாதமாக இருமல். 'கார்ப்பெட் தூசி, அலர்ஜி' என்று அவரே முடிவுசெய்து, கடையில் விற்கும் இருமல் மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தார். எடை குறைந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். சளியில் கிருமி இருந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடிய காசநோய்.

முதல் நாள் நான்தான் போய்ப் படிவம் நிரப்பினேன். ஆங்கிலத்தில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிக் கேட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கேள்வியை நல்ல தமிழில் கேட்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது காசநோய் வந்திருக்குங்களா? டி.பி.?"

"சேச்சே! எங்க ஃபேமிலில யாருக்குமே கெடையாதுங்க சார்."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தவறு அந்த டிக்கில்தான் இருக்கிறது.

இந்த நோய்க்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. நோயாளி விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில். அந்தக் கண் நான். அலுவலகத்தின் வெள்ளைக் காரில் போவேன். கதவில் அரசு முத்திரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். நாலாவது நாள் பிரபு கதவைத் திறக்கவில்லை. ஐந்தாவது நாள் பாதி திறந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த வண்டி மட்டும் வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"எதிர்வீட்டுக்காரர் கேக்கறாரு, 'என்ன பிரபு, கவர்மெண்ட் கார் தெனமும் வருது, விசா பிரச்சனையா'ன்னு. எங்க கம்பெனிக்கு நிமோனியான்னு சொல்லி லீவு போட்டிருக்கேன். இது தெரிஞ்சா அடுத்த ஃப்ளைட்டுதான்."

காரை இரண்டு பிளாக் தள்ளி நிறுத்திப் பார்த்தேன். டை கட்டிய தமிழன் கையில் காகிதப் பையோடு நடந்து வந்தால் அது அதைவிட மோசம். காப்பீடு விற்க வந்தவன் என்று நினைத்து இரண்டு பேர் ஓடியே போனார்கள்.

அந்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் வந்தது.

"சார், அந்த வெள்ளக் கார்ல வர்றது நீங்கதான?"

விஜயா. பக்கத்து பிளாக்கில் இருப்பவர். மதுரையில் ஏழு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். இங்கே கணவரின் விசாவில் வந்ததால் வேலை செய்ய அனுமதி இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையோடு வீட்டில் இருந்தார். பயத்தை அடக்க முடியாமல் சுமதியே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"உங்க காரப் பாத்தா ஊரே எட்டிப் பாக்குது. நாங்க நாலு பேரு மத்தியானம் ஆனா ஸ்ட்ரோலரத் தள்ளிக்கிட்டு இந்தக் காம்ப்ளெக்ஸையே சுத்திக்கிட்டுத்தான இருக்கோம்? எங்கள எவன் பாக்குறான்?"

"அதனால என்னங்க?" என்றேன்.

"மாத்திரையக் குடுங்க சார். முழுங்குறத நாங்க பாக்குறோம்."

இதை என் மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருடம் இந்த நோயோடு மல்லுக்கட்டிய அமெரிக்க நர்ஸ் அவர். சம்பளமில்லாத நாலு பெண்கள், அரசாங்கத்தின் மாத்திரை. ஒரு வாரம் யோசித்துவிட்டு நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டார். நாலு பேரும் சனிக்கிழமை கிளினிக்கில் பயிற்சிக்கு வர வேண்டும். யார் யாருக்கு விஷயம் தெரியலாம் என்று நோயாளியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது. வீட்டுக்குள்ளும் போகக் கூடாது.

கடைசி இரண்டு நிபந்தனைகளுக்கும் வழி கண்டுபிடித்தவரும் விஜயாதான். பிரபுவின் வீடு தரைத்தளம். பின்பக்கம் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே சின்னச் சிமெண்ட் தரை, இடுப்பளவு கம்பி. பிரபு மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பார். ஒரு பெண் இந்தப் பக்கம். மற்றவர்கள் ஸ்ட்ரோலர்களோடு தூரத்து மரத்தடியில். குழந்தைத் துணிகள் வைக்கும் பையிலிருந்து மாத்திரை வரும்.

ஒரு நாள் நான் மரத்தடியில் நின்று பார்த்தேன்.

"ஆ காட்டுங்க."

"முழுங்கிட்டேன் சிஸ்டர்."

"நாக்கத் தூக்குங்க. இந்தப் பக்கம். ம்ஹும், நல்லாத் தூக்குங்க. என் மக உங்களவிட நல்லாக் காட்டுறா."

"உங்க மகளுக்கு அஞ்சு மாத்திரை குடுத்துப் பாருங்க சிஸ்டர், அப்பறம் பேசலாம்."

திரும்பி வரும்போது விஜயா என்னிடம் சொன்னார்: "சிஸ்டர்னு ஒரு ஆள் கூப்புட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார். இங்க எல்லாருக்கும் நான் ஆன்ட்டி."

விரைவில் பக்கத்துக் காம்ப்ளெக்ஸில் வேறொரு நோயாளிக்கும் இதையே செய்தோம். மற்ற ஊர் அலுவலகங்களிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கணக்கைக் கவனிக்கத் தவறுவது நம் வேலையில் சகஜம். நீங்களும் செய்வீர்கள்.

இரண்டு மாதம் ஆனது. பிரபுவின் சளியில் அப்போதும் கிருமி தெரிந்தது.

மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். "இரண்டில் ஒன்று. மருந்து வேலை செய்யவில்லை, அல்லது அவர் விழுங்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்" என்றார். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஆனால் முதல் மாதிரி பாதியில் கெட்டுப்போய், இரண்டாவது அனுப்பியிருந்தோம்; முடிவு வரவில்லை.

"நாலு பேரும் தினமும் பார்க்கிறார்களே" என்றேன்.

"உன் பெண்கள் நல்லவர்கள். அதுதான் என் பயம். மாசமாக இருக்கும் பெண்ணின் புருஷன். ஒரு நாள் 'வயிற்றைப் பிரட்டுகிறது, இன்றைக்கு விடுங்கள்' என்று அவர் கேட்டால் உன் பெண்கள் விட்டுவிட மாட்டார்களா?"

அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். நோயாளி மருந்து எடுக்க ஒத்துழைக்கவில்லை என்று களப்பணியாளர் எழுதித் தருவது. அதை வைத்துச் சுகாதார அதிகாரி உத்தரவு போட்டால் பிரபு பூட்டிய வார்டில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். கம்பெனி கைவிடும், வேலை போனால் விசாவும் போகும். சுமதி தனியாகப் பெற்றெடுக்க வேண்டும், அல்லது ஏழு மாத வயிற்றோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். கையெழுத்துப் போடாமல் விட்டு, அவர் நிஜமாகவே ஏமாற்றுகிறவராக இருந்தால், பிறக்கப்போகும் குழந்தை அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கும். பச்சைக் குழந்தைக்கு இந்த நோய் வந்தால் மூளை வரை போகும்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலையிலேயே படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்துக்கான கோடு மட்டும் பாக்கி. எனக்கும் சந்தேகம் வந்திருந்தது. சந்தேகத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது: என் திட்டம் தோற்றது என்று ஆவதைவிட, நோயாளி ஏமாற்றினார் என்று ஆவது எனக்குச் சுலபம்.

அன்று மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். விஜயா கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தார். பிரபு விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டிருந்தார். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது, வலைக்கதவுக்குப் பின்னால் சுமதி.

"விஜயா, மறைக்காம சொல்லுங்க. ஒரு நாளாவது விட்டுக் குடுத்தீங்களா?"

அவர் முகம் மாறியது. "அப்ப நாங்க நாலு பேரும் சேந்து நாடகம் போடுறோம்ங்கிறீங்க?"

"அப்படிச் சொல்லலீங்க..."

"அப்படித்தான் சொல்றீங்க. வார்டுல ஏழு வருஷம் நின்னவ சார் நான். கன்னத்துக்குள்ள ஒதுக்குறவன், கைக்குட்டையில துப்புறவன், எல்லாரையும் பாத்தாச்சு. இந்த மனுஷன் அப்படி இல்ல. போய் உங்க மேடம்கிட்டச் சொல்லுங்க, வேணும்னா அவங்களே வந்து அவரு பாத்ரூமப் பாக்கட்டும்."

மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைச் சிவப்பாக்கும். விழுங்கினாரா என்று அறிய எங்களுக்கிருக்கும் பழைய வழி அது.

வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து சுமதி பேசினார். "தெனமும் நாந்தான் பாத்ரூம் கழுவறேன் சார். செவப்பாத்தான் போகுது. நான்கூடப் பயந்து எங்க அத்தைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். அவங்க, 'அதுக்கென்னம்மா, எட்டு வயசுலயும் அவனுக்கு அப்படித்தான் போச்சு'ன்னாங்க."

"எட்டு வயசுல எதுக்கு?"

"அது என்னமோ... பிரைமரி காம்ப்ளெக்ஸ். எல்லாக் கொழந்தைங்களுக்கும் வருமே, அதுக்கு ஏதோ மருந்து."

எனக்கு அது ஏதோ சத்துக் குறைவு என்று தோன்றியது. விஜயாதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார். இது உங்க ஃபார்ம்ல இருக்கா?"

"எது?"

"பிரைமரி காம்ப்ளெக்ஸ்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கேள்விப்பட்டதில்லீங்க."

"டி.பி. சார். கொழந்தைக்கு வர்ற டி.பி. அப்படியே சொன்னா பெத்தவங்க அங்கயே உக்காந்து அழுவாங்க, சொந்தக்காரங்க வர மாட்டாங்க. அதனால டாக்டருங்க இந்தப் பேரத்தான் சொல்லுவாங்க. நானே எத்தன அம்மாவுக்குச் சொல்லியிருக்கேன். நீங்க கேட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேனே!"

உள்ளேயிருந்து பிரபுவின் குரல் வந்தது. "அப்ப அது டி.பி.யா?"

"அதேதாங்க" என்றார் விஜயா.

நான் பிறந்த தெருவில் இருமல் வந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே முகத்துக்கு நேராக 'டி.பி.' என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்காரருக்கு அப்படித்தான் சொன்னார்கள். குழந்தைகள் டாக்டரிடம் தனியாகப் பணம் கட்டிக் காட்டுகிற வீடுகளுக்கு மட்டும் வேறொரு மரியாதையான பெயர் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் கேட்ட கேள்விக்குப் பிரபு பொய் சொல்லவில்லை. அவருடைய வீட்டில் யாருக்கும் காசநோய் வந்ததே இல்லை. அந்தச் சொல் அந்த வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை.

மறுநாள் காலை, ஊரில் சாயங்காலம், காலிங் கார்டில் பிரபுவின் அம்மாவைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் தெளிவாகச் சொன்னார்: "ஆறு மாசம் குடுக்கச் சொன்னாங்க சார். மூணு மாசத்துல இருமல் நின்னுபோச்சு. ஒண்ணுக்கு ரத்தமாட்டம் போகுதுன்னு இவங்கப்பா பயந்துட்டாரு. நிறுத்திட்டோம். கொழந்த நல்லாத்தான இருந்தான்?"

பாதியில் நிறுத்திய மருந்து. மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம். இருபது வருடம் தூங்கியிருந்து, கார்ப்பெட் போட்ட வீட்டில் எழுந்திருக்கலாம்.

கையெழுத்துப் போடாத படிவத்தையும் என் முதல் நாள் படிவத்தையும் சேர்த்து மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தேன். 'இல்லை' என்ற டிக்கைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முதலில் டாக்டருக்கு ஃபோன் செய்தார், பிறகு பரிசோதனைக் கூடத்துக்கு. பேசி முடித்தபின் கேட்டார்: "இந்தப் பெயர் உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியுமா?"

"எனக்குத் தெரியவில்லை."

"அப்படியானால் தெரிந்தவர்களைக் கேள்."

டாக்டர் காத்திருக்காமல் புது மருந்துகளைச் சேர்த்தார். சில நாளில் சோதனை முடிவும் வந்தது: முக்கியமான மருந்து ஒன்றுக்குக் கிருமி அடங்கவில்லை. மாத்திரைகள் கூடின. "இப்ப எட்டு. உங்க மகளக் கூப்புடுங்க சிஸ்டர்" என்றாராம் பிரபு.

தெரிந்தவர்களைக் கேட்கச் சொன்னாரே, அதையும் செய்தோம். ஒரு சனிக்கிழமை அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் அந்த நாலு பெண்கள் தெலுங்கு, குஜராத்திப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டி உட்கார்ந்தார்கள். தங்கள் வீடுகளில் இந்த நோயை அந்தப் பெயர் சொல்லாமல் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல, ஒருவர் எழுதினார். மார்ச்சளி. நெறி கட்டினது. ஈஸ்னோபீலியா என்று சொல்லி வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டது. 'செவப்புச் சிரப்பு குடிச்சியா? ஒண்ணுக்குச் செவப்பாப் போச்சா? யாராவது பயந்து நிறுத்தினாங்களா?' அந்தத் தாள்தான் இன்றைக்கும் நம் படிவத்தின் பின்னால் குத்தியிருக்கிறது. நீங்கள் கேட்கும் முதல் கேள்வி அதிலிருந்து இருக்கட்டும். நல்ல தமிழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுமதிக்கு நோய் இல்லை என்று எக்ஸ்ரே சொன்னது. ஆனால் குழந்தை வரும் நாள் நெருங்கியது. அடுத்தடுத்து மூன்று மாதிரிகள் சுத்தமாக வரும்வரை பிரபு குழந்தையோடு ஒரே கூரையில் இருக்க முடியாது. அவர் எங்கே போவது? விஜயாவின் கணவருடைய நண்பர் ஒருவரைக் கம்பெனி மூன்று மாதத்துக்கு ஹூஸ்டன் அனுப்பியிருந்தது. ஃபோன் செய்து வீட்டைக் கேட்டபோது, எதற்கு என்றுகூட அவர் முழுதாகக் கேட்கவில்லை. 'பாலை ஃப்ரிட்ஜ்ல மறந்துட்டேன், முதல்ல அதக் கொட்டச் சொல்லுங்க' என்று மட்டும் சொல்லிச் சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்று சொன்னாராம். அந்த வீடு புல்வெளிக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே.

பிரசவ வலி வந்தபோது சுமதியை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனவர் விஜயா. பெண் குழந்தை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். முதல் இரண்டு மாதிரிகளும் சுத்தம், மூன்றாவதற்காகக் காத்திருந்தோம். தினமும் மத்தியானம் சுமதி கண்ணாடிக் கதவருகே குழந்தையைத் தூக்கிப் பிடிப்பார். எதிர் ஜன்னலில் பிரபு நிற்பார். நடுவில் ஸ்ட்ரோலர்கள் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும். அவர் ஒரு நாள் என்னிடம், "யார் ஜாடைன்னு தெரியல சார், ரொம்பத் தூரம்" என்றார்.

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் மூன்றாவது முடிவு ஃபேக்ஸில் வந்தது. ஃபோனில் சொல்லியிருக்கலாம். தாளை எடுத்துக்கொண்டு, முத்திரை போட்ட அதே வெள்ளைக் காரில் போய், வாசலிலேயே நிறுத்தினேன். அன்றைக்கு அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பிரபு தங்கியிருந்த எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டித் தாளைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப மாஸ்க்?"

"வேண்டாமுங்க."

"நெசமாவா?"

"மருந்து மட்டும் விடாம சாப்பிடணும். மாஸ்க் வேண்டாம். போங்க."

புல்வெளியைக் குறுக்கே கடந்தோம். சுமதி கதவைத் திறந்து வைத்திருந்தார். விஜயா உள்ளே குழந்தையை மடியில் வைத்திருந்தார். பிரபு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்பு. தண்ணீர். மறுபடி சோப்பு. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் காத்திருந்தோம். தண்ணீர் நிற்பதாக இல்லை.

சுமதி குளியலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, போதும் வாங்க. நீங்க கை கழுவி முடிக்கறதுக்குள்ள இவ ஸ்கூலுக்குப் போயிருவா போல."